மகள் வயலின்தான் என்கிறாள்: பிளஸ் டூவுக்குப் பிறகு எங்கே சேர்ப்பது?

கரிசல்காட்டான் (கோவில்பட்டி)

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சங்கீதம் தெரியாது. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். மகள் வரும் மார்ச்சில் பிளஸ் டூ எழுதப் போகிறாள். ஒன்பது வயதிலிருந்து வயலின். வாத்தியார் வானொலியில் நிலைய வித்வானாக இருந்து ஓய்வு பெற்றவர். வாரம் இரண்டு நாள் பஸ் ஏறித் திருநெல்வேலி போய் வருகிறோம். போன மாதம் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி நான் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை, பிள்ளையை வெளியே அனுப்பு" என்றார். சந்தோஷப்படுவதா பயப்படுவதா தெரியவில்லை.

பாட்டு டீச்சர் வேலைக்குப் போகிறேன் என்று மகள் சொன்னால்கூட வீட்டில் ஒப்புக்கொள்வார்கள். அவள் மேடையில் வாசிக்க வேண்டும் என்கிறாள். பி.காம். படிக்கட்டும், வயலின் அது பாட்டுக்கு இருக்கட்டும் என்பது என் மச்சினன் கட்சி.

விசாரித்த வரையில் கிடைத்த பெயர்கள்: சென்னை அரசு இசைக் கல்லூரி, கலாக்ஷேத்ரா, ராணி மேரிக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், திருவையாறு. ஊருக்குப் பக்கம் என்றால் மதுரை. இதில் எங்கே சேர்த்தால் கச்சேரி வாசிக்க வரும்? படித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_சாக்பீஸ் (தஞ்சாவூர்)

அண்ணாச்சி, முப்பது வருஷம் இசை வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பட்டியலில் இருப்பவை எல்லாம் ஒரே சரக்கு இல்லை. அதை முதலில் பிரித்துக்கொள்வோம்.

அரசு இசைக் கல்லூரிகள் நான்கு: சென்னை, மதுரை, கோவை, திருவையாறு. சென்னைக் கல்லூரி 1949-இல் தொடங்கியது. முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக இருந்த இடம். டி.என். கிருஷ்ணன் அங்கே வயலின் சொல்லிக்கொடுத்து முதல்வராகவும் இருந்தார். அடையாற்றங்கரையில் பிராடி கேசில் என்ற பழைய மாளிகை, பார்த்தாலே படிக்கத் தோன்றும். 2013-இல் இசை, கவின்கலைகளுக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வந்த பிறகு இந்தக் கல்லூரிகள் அதன் குடைக்குள் வந்தன. பட்டயமும் உண்டு, பட்டமும் உண்டு. கட்டணம் உங்கள் மச்சினன் சொல்லும் பி.காம். கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

கலாக்ஷேத்ரா 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கியது. பரதத்துக்குப் பேர் போனாலும் பாட்டும் வாத்தியமும் அங்கே முழுநேரப் படிப்புதான், நான்கு வருஷப் பட்டயம். காலையில் மரத்தடிப் பிரார்த்தனையிலிருந்து நாள் முழுக்க ஒரே சூழல். நாட்டியத்துக்கு வாசித்துப் பழக அதைப் போல இடம் கிடையாது. அண்ணாமலையில் இசைப் படிப்பு 1929-இலிருந்து இருக்கிறது, தமிழிசை இயக்கத்தின் தாய்வீடு. தண்டபாணி தேசிகர் தலைமையில் இருந்த துறை. ராணி மேரி பெண்கள் கல்லூரி, அங்கே இசை ஒரு பி.ஏ. பாடம். மற்ற தாள்களும் எழுத வேண்டும்.

இன்னொரு பெயரும் உங்கள் காதில் விழும்: மியூசிக் அகாடமி 2010-இல் தொடங்கிய உயர்நிலைப் பள்ளி. அது கச்சேரிக்கென்றே நடத்துவது. ஆனால் ஏற்கெனவே நன்றாகப் பாடுகிறவர்களை மெருகேற்றுகிற இடம். இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள்.

தொப்பி_வலந்தலை (சென்னை)

வாத்தியார் கட்டடங்களின் சரித்திரத்தை அழகாகச் சொல்லிவிட்டார். நான் படித்துக்கொண்டிருப்பவன், மிருதங்கம், இரண்டாம் வருஷம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் அண்ணாச்சி.

உங்கள் மகள் வயலின். மேடையில் ஏறினால் பத்தில் எட்டு முறை பக்கவாத்தியமாகத்தான் ஏறுவார். அப்படியென்றால் இன்னொருத்தர் பாட்டுக்கு வாசிக்க வேண்டும். அந்த வேலையை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கற்க முடியாது. பாடுகிறவர் தோடி ராகத்தில் ஒரு பிடி பிடித்து நிறுத்துவார், அந்த மூச்சு முடிவதற்குள் அது வில்லில் வர வேண்டும். நிரவலுக்கு, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றி விரித்துப் பாட, எந்த வரியை எடுப்பார், ஸ்வரக் கணக்கை எங்கே கொண்டுபோய் முடிப்பார், எதுவும் முன்கூட்டித் தெரியாது. வர்ணத்தை மூன்று காலத்தில் ஆயிரம் தடவை வாசித்தாலும் இது வராது. பாடுகிற ஆள் எதிரில் இருக்க வேண்டும்.

அதனால் நான் கேட்கும் கேள்வி இது: அந்தக் கல்லூரியில் மகள் வயதில் பாடுகிறவர்கள் எத்தனை பேர்? சாயங்காலம் நான்கு மணிக்கு மணி அடித்த பிறகு கூடி உட்கார்கிறார்களா, பஸ் பிடிக்க ஓடுகிறார்களா? எங்கள் வகுப்பில் பாட்டு நான்கு பேர், வயலின் இரண்டு, மிருதங்கம் மூன்று, ஒரு கடம். வாரத்தில் மூன்று நாள் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து அடித்துப் பிடித்து ஒரு கச்சேரி நடத்துவோம். ஆசிரியர் வந்து பார்ப்பதும் இல்லை, விரட்டுவதும் இல்லை. நான் கற்றதில் பாதி அந்தப் படிக்குக் கீழேதான்.

ஐந்தரைக்கட்டை (சென்னை)

தம்பி, படிக்குக் கீழே கற்ற பாதி சரி. மேலே கற்ற பாதி எப்படி?

நான் பாட்டுக்காரி. இசைப் படிப்பு முடித்தவள், இன்று வங்கியில் வேலை. பெயர் சொல்ல விரும்பாத ஒரு கல்லூரியில் மூன்று வருஷத்தில் எனக்கு நான்கு ஆசிரியர்கள் மாறினார்கள். ஒருவர் சொல்லிக்கொடுத்த பாடாந்தரத்தை, அதாவது பாட்டைப் பாடும் முறையை, அடுத்தவர் தப்பு என்பார். காம்போதி ஒவ்வொரு ஜூலையிலும் புதிதாகத் தொடங்கும். பாடத்திட்டத்தில் இத்தனை கிருதி என்று கணக்கு இருக்கும். கணக்கு முடியும், ராகம் முடியாது. அப்புறம்தான் மயிலாப்பூரில் ஒருவரிடம் தனியாகப் போய் வர்ணத்திலிருந்து ஆரம்பித்தேன். அந்த மூன்று வருஷத்தையும் அவரிடமே செலவழித்திருந்தால் என்று இன்றும் தோன்றும்.

வயலினில் இது இன்னும் கஷ்டம். லால்குடி பாணி வேறு, பரூர் பாணி வேறு, டி.என். கிருஷ்ணன் வழி வேறு. வில்லை எத்தனை நீளத்துக்கு இழுப்பது, ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தை ஒரு விரலில் சறுக்குவதா இரண்டு விரலில் போடுவதா, எல்லாம் மாறும். எட்டு வருஷம் ஒரு கை பழகியிருக்கிறது. புது ஆசிரியர் அதை அழித்து எழுதுவாரா, அதன் மேலேயே கட்டுவாரா என்று தெரியாமல் பணம் கட்டாதீர்கள்.

என் வாக்கு இதற்குத்தான்: நல்ல வித்வான் ஒருவரைப் பிடியுங்கள். அவர் வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் அறை பாருங்கள். டிகிரியை அஞ்சல் வழியில் ஏதாவது ஒரு பாடத்தில் முடிக்கட்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் சாதகம் செய்ய நேரம் கிடைக்கும். முழுநேரக் கல்லூரியில் அது எங்கே?

தொப்பி_வலந்தலை

அக்கா, ஐந்து மணி நேரம் கிடைக்கும், ஒப்புக்கொள்கிறேன். யாருடன் வாசிப்பார்? கோவில்பட்டியிலிருந்து வருகிற பெண்ணுக்கு சென்னையில் ஒரு பாட்டுக்காரரையும் தெரியாது. சென்னையிலேயே பிறந்து, சங்கீதக் குடும்பமாக இருந்தால் நீங்கள் சொல்வது நடக்கும்.

ஐந்தரைக்கட்டை

அது நியாயம். என் அப்பாவுக்குப் பத்து வித்வான்களைத் தெரியும். அதை நான் கணக்கில் வைக்கவில்லை.

கரிசல்காட்டான்

நீங்கள் இரண்டு பேரும் சொன்னதை மகளிடம் படித்துக் காட்டினேன். படிக்குக் கீழே கச்சேரி என்றதும் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனால் எனக்கு அடுத்த சந்தேகம். பட்டயம், பட்டம் என்று வாத்தியார் பிரித்துச் சொன்னார். வாசிக்கப் போகிறவளுக்கு அதில் என்ன வித்தியாசம்?

பழைய_சாக்பீஸ்

வாசிக்க ஒரு வித்தியாசமும் இல்லை. கச்சேரி நடத்தும் சபாக்களின் செயலாளர் யாரும் சான்றிதழ் கேட்டதில்லை. வானொலியில் தரம் வாங்க ஆடிஷன்தான், பட்டம் இல்லை. பி, பி-ஹை, ஏ, டாப் என்று ஏற வேண்டும். அங்கே கேட்பது காது மட்டும்.

வித்தியாசம் தெரிவது முப்பது வயதில். கேந்திரிய வித்யாலயாவில் இசை ஆசிரியர் வேலைக்கு இசையில் இளங்கலைப் பட்டம் கேட்கிறார்கள். கல்லூரியில் ஆசிரியர் ஆக முதுகலை வேண்டும், அதோடு நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்றோ முனைவர் பட்டமோ வேண்டும். பட்டயம் வாங்கியவர்களில் பலர் கூடவே அஞ்சல் வழியில் ஒரு பட்டத்தையும் முடித்து வைத்துக்கொள்வது இதற்குத்தான். நீங்களும் இப்போதே அதைக் கணக்கில் சேருங்கள். மேடை சோறு போடத் தொடங்கப் பத்து வருஷம் ஆகும், அதுவரை டியூஷனும் ஆன்லைன் வகுப்பும்தான் வாடகை கொடுக்கும். நான் பயமுறுத்தவில்லை. என்னிடம் படித்த நல்ல வாசிப்புக்காரர்கள் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள், சந்தோஷமாகவும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. மத்திய அரசின் கலாசாரத் துறை இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை தருகிறது. 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருஷம். குருவிடம் ஐந்து வருஷமாவது கற்றிருக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கு அது தாராளமாக இருக்கிறது. திருநெல்வேலி வாத்தியாரிடம் எத்தனை வருஷம் கற்றாள் என்று இப்போதே ஒரு கடிதம் எழுதி வாங்கி வையுங்கள். பெரியவர்கள் விஷயம், தள்ளிப் போடாதீர்கள்.

சுன்னாகத்தான் (யாழ்ப்பாணம்)

ஐயா, எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். இங்கே பிள்ளைகளுக்கு உங்களைப் போல ஆறு பெயர் இல்லை. மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். உயர்தரப் பெறுபேறு, உங்கள் பிளஸ் டூ மதிப்பெண் மாதிரி, வேண்டும், அதோடு செயன்முறைத் தேர்வும் வைப்பார்கள். இராமநாதன் 1960-இல் இசைக்கென்று தொடங்கி 1975-இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. மகாராஜபுரம் சந்தானம் இங்கே வந்து அதிபராக இருந்தவர். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வித்துவான்கள் வந்து எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள். இப்போது எங்கள் பிள்ளைகள் இந்தியப் புலமைப்பரிசில் எடுத்துச் சென்னைக்கு வருகிறார்கள்.

நானும் வயலின்தான், நான்கு வருடம் படித்தேன். படிப்பு முடிய என் வகுப்பில் ஏறத்தாழ எல்லோரும் பாடசாலை ஆசிரியர் ஆகினோம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை மேடைதான் வேண்டும் என்றால் ஒரு விஷயம் பாருங்கோ: அந்த ஊரில் ஒரு மாதத்துக்கு எத்தனை கச்சேரி நடக்குது? எங்களுக்குத் திருவிழாக் காலம் வந்தால் கோயில் கோயிலாக வாசிப்போம். மற்ற மாதங்களில் கேட்கவே ஒன்றும் இராது. கேளாமல் வாசிக்க ஏலாது.

தொப்பி_வலந்தலை

அண்ணா சொன்னதற்கு ஒரு கைதட்டல். சென்னைக் கல்லூரியிலிருந்து நடந்தால் கிரீன்வேஸ் ரோடு பறக்கும் ரயில் நிலையம். அங்கிருந்து சபாக்கள் இருக்கும் மயிலாப்பூருக்கான திருமயிலை இரண்டாவது நிறுத்தம். மார்கழியில் மதியக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட்டே கிடையாது. எங்கள் வயதுப் பிள்ளைகள்தான் அந்த நேரத்தில் வாசிப்பார்கள். எதிரே கேன்டீன்காரர்தான் பெரிய ரசிகர், அது வேறு விஷயம்.

கல்பாத்தி (பாலக்காடு)

மலைக்கு இந்தப் பக்கத்தையும் பார்க்கலாமே சார். திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் கல்லூரி 1939-இல் தொடங்கியது, செம்மங்குடி முதல்வராக இருந்த இடம். எங்கள் ஊரில் செம்பை பெயரில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. கோவில்பட்டிக்கு சென்னையைவிடத் திருவனந்தபுரம்தான் கிட்ட.

கரிசல்காட்டான்

கிட்டதான் சார், நாகர்கோவில் வழியாக ரயிலே இருக்கிறது. ஆனால் மலையாளம் என்றதும் மகளின் அம்மா தலையை ஆட்டிவிட்டாள்.

பியானோ_பைத்தியம் (கோவை)

எல்லோரும் கர்நாடக சங்கீதமே பேசுகிறீர்கள். வயலின் என்றால் மேல்நாட்டுச் சங்கீதமும்தான். ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். கன்சர்வேட்டரி சென்னையிலேயே இருக்கிறது. சினிமா ரெக்கார்டிங்கில் நொட்டேஷன், அதாவது எழுதிவைத்த இசைக்குறிப்பு, பார்த்தவுடன் வாசிக்கிற கைகளுக்கு வேலை உண்டு.

ஐந்தரைக்கட்டை

உண்மைதான். ஆனால் கர்நாடக வயலினைக் காலில் சாய்த்து உட்கார்ந்து வாசிக்கிறோம், ஸ-ப-ஸ-ப என்று சுருதி கூட்டுகிறோம். அங்கே நின்று தோளில், வேறு சுருதி. பதினேழு வயதில் இரண்டையும் ஒன்றாக ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள். நொட்டேஷன் படிக்க மட்டும் தனியாகக் கற்றுக்கொள்ளலாம், அது வீண் போகாது.

சீவாளி (திருவாரூர்)

இந்த இழையில் வயலின், பாட்டு, பியானோ எல்லாம் வந்துவிட்டது. நாதஸ்வரம் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை. நான் படித்தது மாவட்ட அரசு இசைப்பள்ளி. தமிழ்நாட்டில் 17 இருக்கிறது. மூன்று வருஷம், நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் உண்டு. பிளஸ் டூ கேட்பதில்லை. எங்கள் ஆட்கள் அங்கேதான் போவார்கள், நீங்கள் சொல்லும் கல்லூரிகளில் எங்கள் வகுப்பறை எத்தனை நிரம்பியிருக்கும் என்று போய்ப் பாருங்கள்.

அண்ணாச்சிக்கு ஒன்று சொல்கிறேன். ராகம் வாசிக்கக் கற்க வேண்டுமென்றால் பிள்ளையை ஒரு வருஷமாவது திருவிழாவில் நாதஸ்வரம் கேட்க வையுங்கள். சாமி புறப்பாட்டில் ஒரு ராகத்தை ஒரு மணி நேரம் நின்று வாசிப்பார்கள். சபாவில் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள்.

பழைய_சாக்பீஸ்

சீவாளி தம்பி கோபமும் சரி, சொன்னதும் சரி. திருவையாறு கல்லூரியை நான் ஒதுக்காததற்கு இதுவும் ஒரு காரணம். தஞ்சை வட்டாரத்தில் ராகம் தெருவில் கிடைக்கும். தை மாதத் தியாகராஜர் ஆராதனை வேறு. ஆனால் மேடை சென்னையில் இருக்கிறதே, என்ன செய்ய.

கரிசல்காட்டான்

மூன்று வாரம் ஆயிற்று, மன்னிக்கவும். காலாண்டு விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு சென்னை போய் வந்தேன். தொப்பி_வலந்தலை தம்பி வெயிலில் எங்களுக்காக நின்றார், அவருக்கு நன்றி.

இரண்டு இடம் பார்த்தோம். ஒரு இடத்தில் வயலின் ஆசிரியர் மகளை வாசிக்கச் சொன்னார். இவள் மோகனம் வாசித்தாள். அவர் எதுவும் சொல்லாமல் வில்லைப் பிடித்த கட்டைவிரலை மட்டும் கொஞ்சம் நகர்த்தி வைத்து, மறுபடியும் வாசி என்றார். எனக்கே சத்தம் வேறாகக் கேட்டது. பழகிய கையை மாற்றுவீர்களா ஐயா என்று, இங்கே படித்த தைரியத்தில் கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே, "இந்தக் கையை வைத்தே போகலாம், அவர் நன்றாகத்தான் போட்டிருக்கிறார் அஸ்திவாரம்" என்றார். திருநெல்வேலி வாத்தியாருக்கு அன்றைக்கே போன் போட்டுச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்னொரு இடத்தில் ஆசிரியரைப் பார்க்க முடியவில்லை. விண்ணப்பம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். விடுதிகளும் விசாரித்தேன். ஒன்றில் மாதம் 8,500 சொன்னார்கள், இரவு எட்டு மணிக்கு மேல் வாத்தியம் வாசிக்கக் கூடாதாம். அப்படியென்றால் எதற்கு அந்த விடுதி?

மச்சினன் இன்னும் பி.காம்.தான் என்கிறான். முதல் ஆசிரியர் இருக்கும் இடத்துக்கே விண்ணப்பம் போடப் போகிறோம். பட்டப் படிப்புக்கு. கிடைக்காவிட்டால் மதுரை.

ஐந்தரைக்கட்டை

விடுதி விஷயத்தில் கொஞ்சம் பொறுங்கள். மந்தைவெளியில் இசை படிக்கும் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறார்கள், வீட்டுக்காரர் அம்மாவே வீணை வாசிப்பவர். அடுத்த ஜூனில் ஒரு பெண் படிப்பு முடித்துக் கிளம்புகிறாள். கேட்டுச் சொல்கிறேன். மயிலாப்பூரில் என் குருவிடமும் வாரம் ஒரு நாள் அனுப்பலாம், பாட்டாகக் கற்றால் வில் பாடும்.

கரிசல்காட்டான்

அப்பா கணக்கிலிருந்து நான் எழுதுகிறேன், மகள். எல்லோருக்கும் நன்றி. தொப்பி அண்ணாவிடம் ஒரு கேள்வி. நான் இதுவரை எங்கள் வாத்தியார் பாட்டுக்குத்தான் வாசித்திருக்கிறேன், ஒன்றரைக் கட்டை சுருதி. அன்றைக்கு உங்கள் மாடிப்படிக்குக் கீழே பாடிய அக்காவுக்கு உயரமான சுருதி, ஐந்து கட்டை இருக்கும்போல. அதற்குக் கூட்டினால் என் தந்தி அறுந்துவிடும் என்று பயமாக இருந்தது, அதனால்தான் கூப்பிட்டபோது உட்காரவில்லை. என்ன செய்வார்கள்?

தொப்பி_வலந்தலை

அதனால்தான் எழுந்து போனாயா? பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டோம். ஒன்றரைக்குப் போடும் தடித் தந்தியை ஐந்துக்கு முறுக்கினால் அறத்தான் செய்யும். ஐந்துக்குப் பருமன் குறைந்த தந்தி தனி செட் வேண்டும். இங்கே வயலின்காரர்கள் பலர் இரண்டு வயலின் வைத்திருப்பது இதற்காகத்தான். நீ அரைப் பரீட்சை லீவில் வா, மார்கழி நடந்துகொண்டிருக்கும். எங்கள் செட்டில் ஐந்து கட்டைக்குக் கூட்டிய வயலின் ஒன்று சும்மா இருக்கிறது. பாடுகிற அக்காவுக்குச் சொல்லி வைக்கிறேன். கல்யாணி பார்த்துக்கொண்டு வா, அவர் அதைத்தான் எடுப்பார்.